எச்.ஐ.வி.க்கும் புற்றுநோய்க்கும் நடுவே இருக்கும் வைரஸ்கள்

"எச்.ஐ.வி. இருந்தால் புற்றுநோயும் வருமா?" எச்.ஐ.வி.க்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் மாத்திரை வாங்கக் காத்திருக்கும் பலர் மனத்தில் இந்தக் கேள்வி இருக்கும். வாய்விட்டுக் கேட்பவர்கள் குறைவு. ஒரு நோயின் பெயரை ஏற்கெனவே சுமந்துகொண்டிருப்பவருக்கு இன்னொரு நோயின் பெயரைச் சொல்லவே பயமாக இருக்கும். ஆனால் இந்தக் கேள்விக்குத் தெளிவான பதில் உண்டு. சரியாகப் புரிந்துகொண்டால் அந்தப் பதில் பயத்தைக் குறைக்கும்.

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுக்கு எல்லாப் புற்றுநோய்களும் அதிகம் வருவதில்லை. மார்பகப் புற்றுநோயும் புராஸ்டேட் புற்றுநோயும் மற்றவர்களுக்கு வரும் அளவைவிட அவர்களிடம் கூடவில்லை. குறிப்பிட்ட சில புற்றுநோய்கள் மட்டுமே கூடுகின்றன: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், ஆசனவாய்ப் புற்றுநோய், சில வகை லிம்போமாக்கள் (நிணநீர் அணுக்களில் தொடங்கும் புற்றுநோய்கள்), கபோசி சார்கோமா, கல்லீரல் புற்றுநோய். இவை ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வைரஸ் இருக்கிறது. அது எச்.ஐ.வி. அல்ல, வேறொன்று. (நுரையீரல் புற்றுநோயும் இவர்களிடம் கூடுதல்தான். அதில் புகைப்பழக்கத்தின் பங்கு பெரிது, அது தனிக்கதை.)

எச்.ஐ.வி. இல்லாத கோடிக்கணக்கானவர்களின் உடம்பிலும் அந்த வைரஸ்கள் இருக்கின்றன. பெரும்பாலோருக்கு அவற்றால் வாழ்நாள் முழுதும் எந்தத் தீங்கும் வருவதில்லை. எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் மட்டும் அவை ஏன் இவ்வளவு துணிகின்றன என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்க முயல்கிறது.

தோலில் தெரிந்த ஊதா நிறத் திட்டுகள்

எய்ட்ஸ் என்ற பெயர் பிறப்பதற்கு முன்பே, ஒரு புற்றுநோய் வழியாகத்தான் அந்த நோயின் ஒரு முகம் வெளியே தெரிந்தது. 1981 ஜூலையில் அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் வார அறிக்கை ஒரு செய்தியை வெளியிட்டது. நியூயார்க்கிலும் கலிபோர்னியாவிலும் தன்பால் ஈர்ப்புள்ள 26 ஆண்களுக்குக் கபோசி சார்கோமா என்ற அரிய புற்றுநோய் வந்திருந்தது. தோலிலும் வாயின் மேலண்ணத்திலும் ஊதா அல்லது கரும்பழுப்பு நிறத் திட்டுகளாகத் தோன்றும் நோய் அது. 1872-ல் வியன்னாவில் மோரிட்ஸ் கபோசி என்ற தோல் மருத்துவர் அதை முதலில் விவரித்திருந்தார். அதுவரை அங்கே வயதானவர்களிடம் மட்டும், அதுவும் மெதுவாக வளரும் நோயாகவே மருத்துவர்கள் அதைப் பார்த்திருந்தார்கள். திடீரென்று இளைஞர்களிடம், வேகமாகப் பரவும் வடிவத்தில் அது வந்து நின்றது.

எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, அந்த வைரஸ்தான் இந்தப் புற்றுநோயையும் உண்டாக்குகிறது என்று பலர் நினைத்தது இயல்பு. அந்த எண்ணத்தை அசைத்தது ஓர் எளிய கணக்கு. 1990-ல் வலேரி பெரல் என்ற நோய்ப்பரவல் ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்க எய்ட்ஸ் நோயாளிகளின் பதிவுகளை அலசினார்கள். எச்.ஐ.வி. எந்த வழியில் வந்தது என்பதைப் பொறுத்து நோயாளிகளைப் பிரித்துப் பார்த்தார்கள். உடலுறவு வழியாகத் தொற்று பெற்ற தன்பால் ஈர்ப்புள்ள ஆண்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கபோசி சார்கோமா இருந்தது. ரத்தம் உறையாமை நோய்க்காக ஏற்றிய ரத்தப்பொருள் வழியாகத் தொற்று பெற்றவர்களிடமோ அது நூற்றில் ஒருவர் அளவுக்கே இருந்தது.

இரு தரப்பினருக்கும் இருப்பது அதே எச்.ஐ.வி. இரு தரப்பினருக்கும் எதிர்ப்புச் சக்தி அதே போலத்தான் குறைந்திருக்கிறது. பிறகு ஏன் இந்த 20 மடங்கு வித்தியாசம்? எச்.ஐ.வி. மட்டுமே காரணமாக இருந்தால் இப்படி இருக்க முடியாது. ஒரு கூட்டத்தில் பரவியும் இன்னொன்றில் அதிகம் பரவாமலும் இருக்கும் வேறொரு கிருமி நடுவே இருந்தாக வேண்டும். யாரும் கண்ணால் பார்க்காத ஒரு வைரஸை எண்களை மட்டும் வைத்துக்கொண்டு ஊகித்த இந்த இடம், இந்தத் துறையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

அந்தக் கிருமியை 1994-ல் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் யுவான் சாங், பாட்ரிக் மூர் என்ற தம்பதியினர் கண்டுபிடித்தார்கள். ஒரே நோயாளியின் கபோசி திட்டிலிருந்தும் நோயில்லாத திசுவிலிருந்தும் டி.என்.ஏ.வை எடுத்தார்கள். இரண்டிலும் பொதுவாக இருப்பதையெல்லாம் கழித்துவிட்டு, நோயுள்ள திசுவில் மட்டும் மிஞ்சுவது என்ன என்று தேடினார்கள். மிஞ்சியவை மிகச் சிறிய துண்டுகள். அவை மனித டி.என்.ஏ. அல்ல, ஹெர்பிஸ் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதிய வைரஸின் பாகங்கள். இன்று அதை எச்.எச்.வி.-8 அல்லது கபோசி சார்கோமா ஹெர்பிஸ் வைரஸ் என்கிறோம். முக்கியமாக உமிழ்நீர் வழியாகப் பரவுகிறது. சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்க நாடுகளில் மிகுதியாகவும் இந்தியாவில் குறைவாகவும் இருக்கிறது. அதனால்தான் ஆப்பிரிக்காவின் சில நாடுகளில் ஆண்களுக்கு வரும் முதன்மையான புற்றுநோய்களில் ஒன்றாக இருக்கும் கபோசி சார்கோமா, எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்கள் சுமார் 25 லட்சம் பேர் இருக்கும் நம் நாட்டில் அரிதாகவே வருகிறது.

எங்கே எந்த வைரஸ் அதிகமோ, அங்கே எச்.ஐ.வி.யோடு சேர்ந்து அந்தப் புற்றுநோயும் அதிகம். இந்த ஒரு வரியை மனத்தில் வைத்துக்கொண்டால் மீதி எல்லாம் புரியும்.

ஒரு வைரஸ் எப்படிப் புற்றுநோயை உண்டாக்குகிறது?

உலகில் வரும் புற்றுநோய்களில் ஏறத்தாழ 13 விழுக்காடு கிருமிகளால் வருபவை. வைரஸுக்குப் புற்றுநோயை உண்டாக்க வேண்டும் என்ற தேவை எதுவும் இல்லை. அதற்கு வேண்டியது தன்னைப் பெருக்கிக்கொள்வது மட்டும்தான். அதற்காக அது செய்யும் சில வேலைகள், ஆண்டுக்கணக்கில் தொடரும்போது, செல்லின் ஒழுங்கைக் குலைத்துவிடுகின்றன.

ஹியூமன் பாப்பிலோமா வைரஸ் தெளிவான உதாரணம். சுருக்கமாக எச்.பி.வி. என்று சொல்லலாம். நம் செல்கள் கண்டபடி பிரிந்து பெருகாமல் இருக்க உள்ளே சில புரதங்கள் பிரேக் போல வேலை செய்கின்றன. அவற்றில் முக்கியமானவை பி53, ஆர்பி என்ற இரண்டு. டி.என்.ஏ.வில் பழுது ஏற்பட்டால் பி53 செல்லை நிறுத்திவைக்கும்; பழுதைச் சரிசெய்ய முடியாவிட்டால் செல்லையே சாகவைக்கும். எச்.பி.வி. தன் கையில் இ6, இ7 என்ற இரண்டு புரதங்களை வைத்திருக்கிறது. இ6 வந்து பி53-ஐ அழித்துவிடும், இ7 ஆர்பியைச் செயலிழக்கச் செய்யும். செல் பிரிந்துகொண்டே இருந்தால்தான் வைரஸும் தன் படிகளை எடுத்துக்கொண்டே இருக்க முடியும். ஆனால் பிரேக் இல்லாத செல்லில் பழுதுகள் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்கின்றன. பதினைந்து, இருபது ஆண்டுகளில் அவற்றில் ஏதோ ஒரு செல் புற்றுநோயாக மாறிவிடலாம்.

எச்.பி.வி.யில் பல வகைகள் உண்டு. உலகெங்கும் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்களில் ஏறக்குறைய 70 விழுக்காட்டுக்கு 16, 18 என்ற இரண்டு வகைகள் காரணம். அவற்றை அடையாளம் கண்டவர் ஜெர்மனியின் ஹரால்ட் சூர் ஹவுசன். 2008-ல் அவருக்கு மருத்துவ நோபல் பரிசின் ஒரு பாதி கிடைத்தது. மறு பாதி எச்.ஐ.வி.யைக் கண்டுபிடித்த பிரான்சுவாஸ் பாரே-சினூஸி, லூக் மோன்டாக்னியே இருவருக்கும் போனது. இந்தக் கட்டுரையின் இரண்டு முக்கிய வைரஸ்களும் ஒரே பரிசில் வந்து சேர்ந்தன.

எப்ஸ்டீன்-பார் வைரஸின் வழி வேறு. பெரியவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இந்த வைரஸ் இருக்கிறது. பெரும்பாலும் குழந்தைப் பருவத்திலேயே உமிழ்நீர் வழியாக வந்துவிடும். ரத்தத்தில் பி செல் என்று ஒரு வகை வெள்ளை அணு உண்டு. இந்த வைரஸ் அதற்குள் போய் உட்கார்ந்துகொண்டு, "சாகாதே, பெருகு" என்று அதற்குக் கட்டளையிடும் புரதங்களைச் சுரக்கிறது. உகாண்டாவில் வேலை செய்த அறுவை மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1958-ல் ஒரு தாடைக் கட்டியை விவரித்தார். ஆப்பிரிக்கக் குழந்தைகளிடம் அதிகம் காணப்பட்ட லிம்போமா அது. 1964-ல் லண்டனில் எப்ஸ்டீன், அச்சோங், பார் மூவரும் அந்தக் கட்டியின் செல்களில்தான் இந்த வைரஸைப் பார்த்தார்கள். மனிதப் புற்றுநோயோடு தொடர்புடையதாக அறியப்பட்ட முதல் வைரஸ் இதுதான்.

கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்கள் ஆண்டுக்கணக்கில் கல்லீரலில் அழற்சியை உண்டாக்குகின்றன. செல்கள் செத்துச் செத்து மீண்டும் வளர்வதில் தழும்பு விழுந்து கல்லீரல் சுருங்குகிறது. பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோய். ஹெபடைடிஸ் பி தன் டி.என்.ஏ.வை நம் டி.என்.ஏ.வுக்குள்ளேயே செருகிக்கொள்ளவும் செய்யும்.

எச்.ஐ.வி. இதில் என்ன செய்கிறது?

இந்த வைரஸ்கள் எல்லோர் உடம்பிலும் புற்றுநோயை உண்டாக்காததற்குக் காரணம் நம் எதிர்ப்பு அமைப்புதான். வைரஸ் புகுந்த செல், அந்த வைரஸின் புரதத் துணுக்குகளைத் தன் மேற்பரப்பில் காட்டும். கொல்லும் டி செல்கள் அதைப் பார்த்து, அந்தச் செல்லை அழித்துவிடும். இந்த வேலையை ஒருங்கிணைப்பவை சிடி4 செல்கள். எச்.ஐ.வி. குறிவைத்து அழிப்பது இவற்றையே. ஆரோக்கியமான ஒருவரின் ஒரு கன மில்லிமீட்டர் ரத்தத்தில் 500-க்கு மேல் சிடி4 செல்கள் இருக்கும். சிகிச்சை இல்லாமல் போனால் அது 200-க்குக் கீழே இறங்குகிறது. அப்போது, அதுவரை அடங்கிக் கிடந்த வைரஸ்களைக் கேட்பாரில்லை.

இது வெறும் ஊகமில்லை என்பதற்கு ஒரு நல்ல சான்று உண்டு. சிறுநீரகம் போன்ற உறுப்பு மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு, புதிய உறுப்பை உடம்பு நிராகரிக்காமல் இருக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து கொடுப்பார்கள். அவர்களுக்கு எச்.ஐ.வி. கிடையாது, வாழ்க்கைமுறையும் வேறு. 2007-ல் ஆண்ட்ரூ குருலிச்சும் அவருடைய சகாக்களும் இரண்டு தரப்பினரையும் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து ஒப்பிட்டார்கள். எந்தப் புற்றுநோய்கள் எச்.ஐ.வி. உள்ளவர்களிடம் கூடியிருந்தனவோ, அநேகமாக அதே புற்றுநோய்கள்தான் உறுப்பு மாற்றிக்கொண்டவர்களிடமும் கூடியிருந்தன. மார்பகமும் புராஸ்டேட்டும் இரு தரப்பிலும் கூடவில்லை. இன்னும் ஒன்று: உறுப்பு மாற்றிக்கொண்டவருக்குக் கபோசி சார்கோமா வந்தால், எதிர்ப்பைக் குறைக்கும் மருந்தின் அளவைக் குறைத்தாலே பலருக்கு அந்தத் திட்டுகள் சுருங்குகின்றன. எதிர்ப்புச் சக்தி திரும்பினால் வைரஸ் மீண்டும் அடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

"உன் நடத்தையால்தான் உனக்கு இதுவும் வந்தது" என்று எச்.ஐ.வி. உள்ள ஒருவரிடம் சொல்பவர்கள் இந்தச் சான்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சிறுநீரகம் மாற்றிக்கொண்ட ஒரு பள்ளி ஆசிரியருக்கும் எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒரு லாரி ஓட்டுநருக்கும் ஒரே லிம்போமா ஒரே வழியில்தான் வருகிறது. இதில் ஒழுக்கத்துக்கு இடமே இல்லை.

எல்லாப் புற்றுநோய்களும் ஒரே அளவு பலவீனத்துக்காகக் காத்திருப்பதில்லை. மூளையில் வரும் லிம்போமா சிடி4 எண்ணிக்கை 50-க்கும் கீழே விழுந்தவர்களிடம் வருவது. அதன் செல்களில் கிட்டத்தட்ட எப்போதும் எப்ஸ்டீன்-பார் வைரஸ் இருக்கும். பர்கிட் லிம்போமாவும் ஹாட்ஜ்கின் லிம்போமாவும் சிடி4 ஓரளவு நன்றாக இருக்கும்போதே வரக்கூடியவை. "என் சிடி4 300 இருக்கிறதே, எனக்கு வராது" என்று இருந்துவிட முடியாது.

பெண்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது

நம் நாட்டுக்கு இந்தக் கட்டுரையின் மிக முக்கியமான பகுதி இதுதான். இந்தியப் பெண்களிடம் மார்பகப் புற்றுநோய்க்கு அடுத்தபடியாக அதிகம் வருவது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். ஆண்டுக்கு 1.2 லட்சம் பெண்களுக்கும் மேல் புதிதாக வருகிறது. எச்.ஐ.வி. உள்ள பெண்களுக்கு இது வரும் வாய்ப்பு மற்றப் பெண்களைவிட சுமார் ஆறு மடங்கு.

எச்.பி.வி. தொற்றினால் பெரும்பாலான பெண்களின் உடம்பு ஓரிரு ஆண்டுகளில் அதை வெளியேற்றிவிடும். எச்.ஐ.வி. உள்ளவரிடம் அது தங்கிவிடும் வாய்ப்பு அதிகம். எதிர்ப்புச் சக்தி நன்றாக இருக்கும் பெண்ணுக்கு, தொற்று புற்றுநோயாக மாற 15 முதல் 20 ஆண்டுகள் ஆகும். சிகிச்சை இல்லாமல் எதிர்ப்புச் சக்தி குறைந்திருந்தால் 5 முதல் 10 ஆண்டுகளே போதும். அதனால் பரிசோதனையின் அட்டவணையும் மாறுகிறது. பொதுவாகப் பெண்கள் 30 வயதில் பரிசோதனையைத் தொடங்கி 5 முதல் 10 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்துகொள்ளலாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். எச்.ஐ.வி. உள்ளவர்கள் 25 வயதிலேயே தொடங்க வேண்டும். 3 முதல் 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். இந்த இடைவெளி எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனைக்கு. அசிட்டிக் அமிலம் தடவிப் பார்க்கும் முறையானால் இன்னும் நெருக்கமாக, 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை.

நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குத்தான் வழக்கமாகப் பரிசோதனை நடக்கிறது. ஆகவே 26 வயதில் எச்.ஐ.வி.யுடன் வாழும் ஒரு பெண், "உனக்கு இன்னும் வயதாகவில்லை" என்று திருப்பி அனுப்பப்படக்கூடும். அப்போது தன் நிலையை மருத்துவரிடமோ செவிலியரிடமோ சொல்லி, கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். ஏ.ஆர்.டி. மையத்தின் ஆலோசகரிடம் சொன்னால் அவர் எங்கே அனுப்புவது என்று வழி சொல்வார்.

இந்தப் பரிசோதனைக்கு அஞ்ச வேண்டியதில்லை. அசிட்டிக் அமிலம் என்றால் நீர்த்த வினிகர் போன்ற திரவம். கர்ப்பப்பை வாயில் தடவினால் மாற்றம் உள்ள இடம் ஓரிரு நிமிடத்தில் வெளுத்துத் தெரியும். சில நிமிட வேலை. திண்டுக்கல் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற செவிலியர்கள் கிராமத்துப் பெண்களுக்கு இந்தப் பரிசோதனையை ஒரே ஒரு முறை செய்து, தேவைப்பட்டவர்களுக்குச் சிகிச்சையும் கிடைக்கச் செய்தார்கள். ஏழு ஆண்டுகளில் அந்தப் பகுதியில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயால் இறப்பவர்கள் 35 விழுக்காடு குறைந்தார்கள். 2007-ல் வெளியான அந்த ஆய்வு உலகத்துக்கே வழிகாட்டியது. அது எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கென்று நடத்தப்பட்டதல்ல. ஆனால் பெரிய ஆய்வகம் இல்லாத இடத்திலும் இது சாத்தியம் என்பதை நம் மண்ணிலேயே காட்டியது. எச்.பி.வி. பரிசோதனையானால் மாதிரியைப் பெண்ணே தானாக எடுத்துக் கொடுக்கவும் முடியும்.

புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் இருப்பதாகத் தெரிந்தால், அந்த இடத்தைக் குளிரால் உறையவைத்தோ வெப்பத்தால் சுட்டோ அகற்றிவிடலாம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு அது திரும்ப வரும் வாய்ப்பு சற்று அதிகம். ஆகவே 12 மாதம் கழித்துக் கட்டாயம் மறுபரிசோதனை செய்ய வேண்டும். "எரித்தாகிவிட்டது, முடிந்தது" என்று விட்டுவிடுவதில்தான் பலர் நழுவிவிடுகிறார்கள்.

உடலுறவுக்குப் பிறகு ரத்தம் படுதல், மாதவிடாய்களுக்கு இடையில் உதிரம், மாதவிடாய் நின்ற பிறகு உதிரப்போக்கு, துர்நாற்றத்துடன் வெள்ளைப்படுதல்: இவற்றில் எது இருந்தாலும் அட்டவணைக்காகக் காத்திருக்காமல் உடனே காட்ட வேண்டும்.

எச்.பி.வி. தடுப்பூசி 2006-லிருந்து உலகில் இருக்கிறது. புனேயின் சீரம் நிறுவனம் தயாரித்த செர்வாவாக் என்ற இந்தியத் தடுப்பூசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்தது. மற்றச் சிறுமிகளுக்கு ஒன்று அல்லது இரண்டு தவணை போதும் என்ற நிலை வந்துவிட்டது. எச்.ஐ.வி. உள்ள சிறுமிகளுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று தவணை வேண்டும். பிறப்பிலேயே எச்.ஐ.வி. பெற்று இன்று பள்ளியில் படிக்கும் பெண் பிள்ளைகளின் பெற்றோரும் காப்பாளர்களும் மருத்துவரிடம் இதைத் தவறாமல் கேட்க வேண்டும்.

இதே எச்.பி.வி.தான் ஆசனவாய்ப் புற்றுநோய்க்கும் காரணம். எச்.ஐ.வி.யுடன் வாழும், ஆண்களோடு உறவுகொள்ளும் ஆண்களுக்கும் திருநங்கையருக்கும் இது மிக அதிகம். கர்ப்பப்பை வாயில் எச்.பி.வி. பாதிப்பு வந்த பெண்களுக்கும் வரலாம். முந்தைய நிலையிலேயே கண்டு அகற்றினால் இந்தப் புற்றுநோய் வருவது பாதிக்கும் மேல் குறைகிறது என்று 2022-ல் வெளியான அமெரிக்காவின் 'ஆங்கர்' ஆய்வு காட்டியது. ரத்தம் கசிந்தால், கட்டி தட்டுப்பட்டால் "மூலம்தான்" என்று களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருக்க வேண்டாம். மருத்துவர் விரலால் தொட்டுப் பார்த்தாலே பலவற்றைக் கண்டுபிடித்துவிடலாம்.

கழுத்தில் கட்டும் நெறி எல்லாம் காசநோய் அல்ல

எச்.ஐ.வி. உள்ளவருக்குக் கழுத்திலோ அக்குளிலோ நெறி கட்டினால் நம் மருத்துவர்கள் முதலில் நினைப்பது காசநோயை. அது நியாயமே, இங்கே காசநோய்தான் அதிகம். ஆனால் லிம்போமாவும் இதே முகத்தோடு வருகிறது. விட்டுவிட்டுக் காய்ச்சல், இரவில் படுக்கையை நனைக்கும் வியர்வை, எடை குறைவது, வலியில்லாத நெறி என எல்லா அறிகுறிகளும் இரண்டுக்கும் ஒன்றுதான். கிருமியைக் கண்ணால் பார்க்காமலே காசநோய் மாத்திரை தொடங்கி, சில மாதம் பார்த்துவிட்டு, பிறகுதான் லிம்போமா என்று தெரியவரும் நிலை காசநோய் மிகுந்த எல்லா நாடுகளிலும் இருக்கிறது. லிம்போமா வேகமாக வளரக்கூடியது. அந்த மாதங்கள் திரும்பி வராது.

ஆகவே நெறி கட்டியவர் கேட்க வேண்டிய கேள்வி: "டாக்டர், இதைப் பயாப்ஸி எடுத்துப் பார்த்தோமா?" ஊசி விட்டு உறிஞ்சி எடுக்கும் பரிசோதனையில் காசநோய் பெரும்பாலும் தெரிந்துவிடும். லிம்போமாவை உறுதிசெய்ய நெறியை முழுதாக எடுத்துப் பார்ப்பதே நல்லது. காசநோய் சிகிச்சை தொடங்கிச் சில வாரங்களில் காய்ச்சல் தணியவில்லை, நெறி பெரிதாகிறது என்றால் தயங்காமல் மறுபடி போய்க் கேட்க வேண்டும்.

மாத்திரையை எப்போது தொடங்கினோம் என்பது

இந்தப் புற்றுநோய்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான தடுப்பு ஏ.ஆர்.டி. கூட்டு மருந்துதான். 1996-ல் மேற்கு நாடுகளில் அது பரவலானபோது கபோசி சார்கோமா சில ஆண்டுகளிலேயே செங்குத்தாகக் குறைந்தது. 'ஸ்டார்ட்' என்ற பன்னாட்டு ஆய்வில் சிடி4 எண்ணிக்கை 500-க்கு மேல் இருந்த 4,685 பேர் சேர்ந்தார்கள். ஒரு பாதியினர் உடனே மாத்திரை தொடங்கினார்கள், மறு பாதியினர் சிடி4 குறையும்வரை காத்திருந்தார்கள். உடனே தொடங்கியவர்களிடம் கிருமி சார்ந்த புற்றுநோய்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்காகக் குறைந்திருந்தன.

இந்தியாவில் 1986-ல் சென்னையில்தான் எச்.ஐ.வி. முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் செய்த ஆய்வு அது. அரசின் இலவச ஏ.ஆர்.டி. 2004 ஏப்ரலில்தான் வந்தது. வந்த பிறகும் சிடி4 ஒரு குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால்தான் மாத்திரை என்ற விதி இருந்தது. முதலில் 200, பிறகு 350, பிறகு 500. எண்ணிக்கை எதுவாக இருந்தாலும் உடனே மாத்திரை என்ற கொள்கை வந்தது 2017-ல். அதாவது 2000-களில் எச்.ஐ.வி. கண்டறியப்பட்டு இன்று 45, 50 வயதில் இருக்கும் பலர், தங்கள் தவறு எதுவுமின்றி, பல ஆண்டுகள் குறைந்த சிடி4 உடன் வாழ்ந்திருக்கிறார்கள். அந்த ஆண்டுகளில் எச்.பி.வி. செய்துவைத்த பழுது, இன்று சிடி4 700 ஆகிவிட்டாலும் தானாக மறைவதில்லை. கபோசி சார்கோமாபோல கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வேகமாகக் குறையாததற்கு இது ஒரு காரணம். "ரத்தத்தில் வைரஸ் தெரியவில்லை என்று வந்துவிட்டதே, இனி எதற்குப் பரிசோதனை?" என்று நினைப்பவர்கள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். மூத்தவர்களுக்குத்தான் பரிசோதனை அதிகம் தேவை.

ஏ.ஆர்.டி.யில் இன்னொரு நன்மையும் உண்டு. இப்போது பலருக்கும் கொடுக்கப்படும் ஒற்றை மாத்திரையில் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் இருக்கின்றன. முதல் இரண்டும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்குபவை. எச்.ஐ.வி.யோடு ஹெபடைடிஸ் பி-யும் உள்ளவர் ஒரே மாத்திரையில் கல்லீரலையும் காப்பாற்றிக்கொள்கிறார். ஆனால் அவர் மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால், அடங்கியிருந்த ஹெபடைடிஸ் பி பொங்கி எழுந்து கல்லீரலை உயிராபத்து வரைக்கும் கொண்டுபோகலாம். ஹெபடைடிஸ் சி-க்கு 12 வார மாத்திரையில் 95 விழுக்காட்டினர் முழுதாகக் குணமாகிறார்கள். 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் இரண்டு வகை ஹெபடைடிஸுக்கும் சிகிச்சை இலவசம். ஹெபடைடிஸ் பி இல்லாதவர்கள் அதற்கான தடுப்பூசியைப் போட்டுக்கொள்ளலாம்.

வந்துவிட்டால்

எச்.ஐ.வி. இருப்பதால் புற்றுநோய்க்குக் குறைவான சிகிச்சை என்று எதுவும் இல்லை. கதிர்வீச்சும் கீமோவும் அறுவையும் மற்றவர்களுக்கு எப்படியோ இவர்களுக்கும் அப்படியே. ஏ.ஆர்.டி.யைச் சிகிச்சைக் காலத்திலும் நிறுத்தக் கூடாது. ரிட்டோனாவிர் போன்ற சில எச்.ஐ.வி. மருந்துகள் சில கீமோ மருந்துகளின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். ஜிடோவுடின் மருந்தும் கீமோவும் சேர்ந்தால் ரத்த அணுக்கள் அதிகம் குறையும். அதனால் ஏ.ஆர்.டி. மருத்துவரும் புற்றுநோய் மருத்துவரும் ஒருவரோடு ஒருவர் பேசி மாத்திரையை மாற்ற வேண்டியிருக்கலாம். கபோசி சார்கோமா உள்ளவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் கூடும் என்பதும் மருத்துவருக்கு நினைவில் இருக்க வேண்டும்.

இவ்வளவும் நடக்க, புற்றுநோய் மருத்துவரிடம் தன் எச்.ஐ.வி. நிலையை ஒருவர் சொல்ல முடிய வேண்டும். சொன்னால் விரட்டிவிடுவார்களோ என்ற அச்சம் பலரைத் தடுக்கிறது. அதற்குத்தான் 2017-ன் எச்.ஐ.வி. எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இருக்கிறது. 2018 செப்டம்பரிலிருந்து அமலில் உள்ள அந்தச் சட்டப்படி, எச்.ஐ.வி. இருப்பதைக் காரணம் காட்டி அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ சிகிச்சையை மறுக்க முடியாது. ஒருவருடைய நிலையை அவர் சம்மதமின்றி வெளியே சொல்லவும் கூடாது. மறுத்தால் மாநிலத்தின் குறைதீர்ப்பாளரிடம் புகார் கொடுக்கலாம். அவர் 30 நாட்களுக்குள் உத்தரவிட வேண்டும். அவசர சிகிச்சை என்றால் கூடியவரை 24 மணி நேரத்துக்குள். யாரிடம் போவது என்று தெரியாவிட்டால் 1097 என்ற இலவச எண்ணில் கேட்கலாம், அல்லது எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் தரும் அருகிலுள்ள நம்பிக்கை மையத்துக்குப் போகலாம்.